பிரென்ட் பட்: ஒரு மணி நேர மேடைச் சரக்கு 107 எபிசோட் ஆனது எப்படி?

மைக்செட்:
பிரென்ட் பட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கனடாவின் சஸ்காச்சவான் மாகாணத்துக்காரர். தனியாளாக மைக் முன் நின்று சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் மேடையிலிருந்து வந்து ‘கார்னர் கேஸ்’ சிட்காமை உருவாக்கி, அதில் நாயகனாகவும் நடித்து 6 சீசன், 107 எபிசோட் ஓட்டினார். எனக்கு இடிக்கிற கணக்கு இதுதான்: மேடைக் காமெடியனின் கையிருப்பு மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். வர்த்தகச் சேனலில் அரை மணி சிட்காம் என்றால் விளம்பரம் போக 22 நிமிடம். நாலு எபிசோடில் சரக்கு காலி! மீதி 103 எங்கிருந்து வந்தது? இன்னொன்று, கனடாவை விட்டுப் போகாமல் இன்று ஒருவர் அதே பாதையில் இறங்கினால் எங்கெங்கே இடறும்? ‘திறமை இருந்தால் போதும்’ வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

கோதுமைக்காடு:
உங்கள் கணக்கு சரி, அனுமானம்தான் தப்பு. அவர் மேடை ஜோக்குகளை டிவிக்குக் கொண்டுபோகவில்லை. ஜோக் முளைத்த மண்ணைக் கொண்டுபோனார்.

1966இல் டிஸ்டேல் என்ற சிற்றூரில் பிறந்தவர், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. நண்பரோடு சேர்ந்து காமிக்ஸ் அச்சிட்டுப் பார்த்துவிட்டு, 1980களின் கடைசியில் மேடை ஏறினார். தொடரின் முதல் எபிசோட் சிடிவி சேனலில் வந்தது 2004 ஜனவரி 22இல். நடுவில் கிட்டத்தட்ட 15 வருடம் கிளப், விழா, ஊர் ஊராகப் பயணம். அவர் கதையைச் சொல்கிறவர்கள் இந்த 15 வருடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். ஆனால் மேடையில் நிற்கிற அந்த ஆள் எதற்கு எரிச்சல்படுவார், எதைக் கண்டுகொள்ளாமல் விடுவார், எவ்வளவு மெதுவாகப் பதில் சொல்வார் என்பதெல்லாம் கெட்டிப்பட்டது அங்கேதான்.

தொடரின் கரு ரொம்ப எளிது. காமெடிக்கு வராமல் ஊரிலேயே தங்கியிருந்தால் இந்த மனுஷன் என்ன ஆகியிருப்பார்? பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டிருப்பார். அதுவும் சுற்றிலும் 60 கிலோமீட்டருக்கு இருக்கிற ஒரே பங்க். பாத்திரத்துக்கு பிரென்ட் லீராய் என்று பெயர் வைத்து உட்காரவைத்தாயிற்று.

முதல் எபிசோடின் முதல் காட்சியை இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். பங்கில் வண்டியை நிறுத்திய வெளியூர்க்காரர், இந்த மாகாணம் என்ன இப்படித் தட்டையாக இருக்கிறது என்கிறார். சுற்றிலும் அடிவானம் வரை வெறும் சமவெளி. பிரென்ட் முகம் மாறாமல், எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்த ஆள் விளக்குகிறார். இவருக்கு அப்போதும் விளங்கவில்லை. பக்கத்தில் நிற்கும் நண்பன் ஹாங்கைக் கூப்பிட்டுச் சொன்னால் அவனும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறான். மேடையாக இருந்தால் ‘எங்க ஊர் எவ்வளவு தட்டை தெரியுமா’ என்று காமெடியனே ஆரம்பித்திருப்பார். இங்கே கிண்டல் வெளியூர்க்காரன் வாயில், சிரிப்பு உள்ளூர்க்காரரின் மறுப்பில். ஒரே விஷயம்தான், ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது.

வெட்டுக்குறிப்பு:
மேலே சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘கார்னர் கேஸ்’ எபிசோட் ஒன்றில் பொதுவாக மூன்று கதைச்சரடு ஓடும். 107ஐ மூன்றால் பெருக்கினால் 300க்கும் மேலே சின்னக் கதைகள். அதனால் மேடைச் சரக்கை நிமிடத்தில் அளக்காதீர்கள். அதில் எத்தனை மனத்தாங்கல் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

மாற்றும் விதத்துக்கு நானே கட்டிய ஓர் உதாரணம். பிரெய்ரி, அதாவது கனடாவின் சமவெளிப் பகுதி, கிராமச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவது வழக்கம், ஒரு சின்ன வணக்கம். மேடையில் இது 40 விநாடி: ‘ஒரு விரல் தூக்கினால் தெரிந்தவர், இரண்டு தூக்கினால் சொந்தக்காரர், முழுக் கையும் தூக்கினால் டயர் பஞ்சர்.’ மூன்று சிரிப்பு, அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம். இதை அப்படியே ஒரு பாத்திரத்தின் வாயில் போட்டால் மற்றவர்கள் மரம் மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்டாண்ட்-அப்பிலிருந்து வருகிறவர்களின் முதல் பிரதியில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

காட்சியாக்க வேண்டுமென்றால் முதலில் புண்படுகிறவர் ஒருவர் வேண்டும். அ விரல் தூக்கினார், எதிரே வந்த ஆ தூக்கவில்லை. ‘எனக்கொன்றும் வருத்தமில்லை’ என்று அ மூன்று பேரிடம் சொல்கிறார். அதுவே வருத்தம் இருப்பதற்கு அத்தாட்சி. மூன்றாமவர் ஒருவர் போன வருடம் இரவல் வாங்கிய ஏணியைக் காரணமாகக் கண்டுபிடிக்கிறார். அ ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார். அது ஆவின் ஏணியே இல்லை. கடைசியில் பார்த்தால் ஆவுக்கு விரலில் கட்டு. 40 விநாடிச் சரக்கு ஒரு சரட்டுக்கு, அதாவது ஏழெட்டு நிமிடத்துக்கு, வந்துவிட்டது. டயர் பஞ்சர் வரி எங்கும் தேவைப்படவில்லை பாருங்கள். நல்ல வரியை வெட்டக் கை வராது, வெட்டத்தான் வேண்டும்.

அடுத்தது, மேடையில் ஒரே ஆளிடம் இருந்த குணங்களைப் பிரித்துக் கொடுப்பது. அப்பா ஆஸ்கரிடம் காரணமில்லாத கோபம், பங்க் கடையில் வேலை பார்க்கும் வாண்டாவிடம் குத்தல், ஹாங்கிடம் வெகுளித்தனமான நம்பிக்கை, டொரண்டோவிலிருந்து வந்த லேசியிடம் வெளியாளின் கண். நாயகன் பிரென்டுக்கு மிஞ்சுவது சோம்பலான கிண்டல் மட்டும்தான். படைப்பாளி தனக்கே எல்லாச் சிரிப்பு வரிகளையும் எழுதிக்கொள்ளவில்லை என்பது எனக்கு இந்தத் தொடரில் ரொம்பப் பிடித்த விஷயம். உங்கள் பிரதியில் பாத்திரப் பெயர்களைக் கையால் மறைத்துப் படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரியாவிட்டால் இன்னும் பிரித்துக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

இடைவெளியும் ஒரு பிரச்சினை. மேடையில் வரியை முடித்துச் சிரிப்புக்காக நிற்கலாம். ‘கார்னர் கேஸ்’ ஒரே கேமரா பாணி. பார்வையாளரும் கிடையாது, பதிவுச் சிரிப்பும் கிடையாது. அங்கே அதே இடைவெளி விட்டால் படம் செத்துவிடும். அந்த இடத்தில் கேட்டவரின் முகத்துக்கு வெட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்தவர் பேச்சு மேலே ஏறி விழ வேண்டும்.

பனித்துளி:
இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால் காசுப் பக்கத்தை நான் சொல்கிறேன். ரொறன்ரோவில் பலர் கதைக்கும்போது இதைத்தான் விட்டுவிடுவார்கள்.

கனடாவில் ஒரு தொடர் எடுக்கப்படுவதற்கு ஒளிபரப்பாளரின் பணம் மட்டும் போதாது. கூட்டாட்சி அரசின் வரிச்சலுகை வேண்டுமென்றால் இது கனடியத் தயாரிப்புதான் என்று கேவ்கோ என்ற அரசு அலுவலகம் தரும் சான்றிதழ் வேண்டும். அங்கே 10 புள்ளிக் கணக்கு: இயக்குநருக்கு 2, திரைக்கதை எழுத்தாளருக்கு 2, அதிகச் சம்பளம் வாங்கும் முதல் இரண்டு நடிகர்களுக்கு ஆளுக்கு 1, கலை இயக்கம், ஒளிப்பதிவு, இசை, படத்தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் 1. கனடியர்கள் என்றால்தான் புள்ளி. குறைந்தது 6 வேண்டும். அதோடு, இயக்குநர் அல்லது எழுத்தாளர் இருவரில் ஒருவரும், முதல் இரண்டு நடிகர்களில் ஒருவரும் கட்டாயம் கனடியராக இருக்க வேண்டும். எழுதி நடிக்கும் ஸ்டாண்ட்-அப் கலைஞர் தனியாளாகவே 3 புள்ளியோடு வருகிறார் என்பதைக் கவனியுங்கள். பேரம் பேசும்போது இது சின்ன விஷயமில்லை.

சலுகை, தகுதியுள்ள தொழிலாளர் செலவில் 25 சதவீதம். அந்தச் செலவு மொத்தத் தயாரிப்புச் செலவில் 60 சதவீதத்துக்கு மேல் கணக்கில் வராது. ஆகவே கையில் கிடைப்பது அதிகபட்சம் 15 சதவீதம்: 10 லட்சம் டொலர் எபிசோடுக்கு 1.5 லட்சம். மாகாணச் சலுகை தனி. அங்கேதான் ஆபத்து. சஸ்காச்சவான் அரசு 2012 பட்ஜெட்டில் தன் திரைத்துறை வரிச்சலுகையை நிறுத்தியது. தொடர் 2009இலேயே முடிந்திருந்ததால் தப்பியது. 2014இல் அதே கதையைத் திரைப்படமாக எடுத்தபோது பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 1 லட்சம் டொலர் கேட்டார்கள், 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் வந்தது. அந்தப் பணத்தில் மட்டும் படம் எடுக்க முடியாது. ஆனால் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று மற்ற முதலீட்டாளர்களுக்குக் காட்ட அது போதும்.

இன்னொன்று, பட் தனியாகப் போகவில்லை. இயக்குநர் டேவிட் ஸ்டோரி, தயாரிப்பாளர் வர்ஜினியா தொம்ப்சன், தொலைக்காட்சி நகைச்சுவை எழுதிப் பழகிய மார்க் ஃபாரல் என்று ஒரு கூட்டம் கூட இருந்தது. மேடை அனுபவம் மட்டும் உள்ளவரை நம்பி 13 எபிசோடுக்கு யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். முதல் சீசன் 13, இரண்டாவது 18, பிறகு நான்கும் 19 வீதம். அந்த வேகத்துக்கு, பலர் கூடி உட்கார்ந்து எழுதும் எழுத்தாளர் அறை இல்லாமல் முடியாது.

மைக்செட்:
பிரமாதம், எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் மிச்சம். இவ்வளவும் தெரிந்தவர் அடுத்துச் செய்த ‘ஹிக்கப்ஸ்’ ஏன் இரண்டே சீசனில் நின்றது?

வெட்டுக்குறிப்பு:
2010, 2011 என்று இரண்டு வருடம் ஓடியது. நிர்வாகக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், எழுத்தை வைத்துச் சொல்கிறேன். ‘ஹிக்கப்ஸ்’ ஒரு குணத்தின் மேல் நின்றது: கோபத்தை அடக்க முடியாத குழந்தைகள் எழுத்தாளர் ஒருவர், அவருக்கு ஆலோசகராக வருகிறவர் பட். அந்த எழுத்தாளராக நடித்தவர் நான்சி ராபர்ட்சன், வாண்டாவாக வந்தவர், பட்டின் மனைவி. நடிப்பில் குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் கோபம் வெடிக்கப் புதுச் சாக்குத் தேட வேண்டும். ‘கார்னர் கேஸ்’ ஓர் இடத்தின் மேல் நின்றது. இடத்தில் யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் எவராவது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்.

ஒப்பிட இன்னொருவரைப் பாருங்கள்: ஜெரி டீ. டொரண்டோவில் உடற்பயிற்சி ஆசிரியர், பிறகு ஸ்டாண்ட்-அப், பிறகு சிபிசி சேனலில் ‘மிஸ்டர் டி’, 2012 முதல் 2018 வரை 8 சீசன். அவர் ஊருக்குப் பதில் வேலையைக் கொண்டுபோனார். பள்ளிக்கூடமும் பெட்ரோல் பங்க் மாதிரிதான், தினம் ஆள் வந்தே தீரும். உங்களிடம் ஒரு மணி நேரச் சரக்கு இருந்தால், அதில் வரும் ஆட்கள் காரணமில்லாமல் தினமும் சந்திக்கிற இடம் எது என்று தேடுங்கள். சிரமப்பட்டு வரவழைக்க வேண்டியிருந்தால் அது படத்துக்கான கரு, தொடருக்கானது அல்ல.

கோதுமைக்காடு:
ஒரு திருத்தம், யாரும் தேடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள் என்பதற்காக. தொடரில் பங்க் இருக்கும் ஊரின் பெயர் டாக் ரிவர்; நிஜத்தில் அப்படி ஓர் ஊர் இல்லை. வெளிப்புறக் காட்சிகள் சஸ்காச்சவானின் தலைநகர் ரெஜைனாவுக்குத் தென்மேற்கே உள்ள ரூலோ என்ற ஊரில், உட்புறம் ரெஜைனா ஸ்டுடியோவில். எடுத்தது கோடையில், அதனால்தான் சஸ்காச்சவான் தொடரில் பனியை அநேகமாகப் பார்க்கவே முடியாது. பங்க் செட்டை 2016இல் இடித்துவிட்டார்கள். டாக் ரிவர் என்று பெயர் எழுதிய தானியக் கிடங்குக் கோபுரமும் 2021 நவம்பரில் எரிந்துபோனது. இப்போது ரூலோ போனால் முதல் காட்சியில் அந்த ஆள் சொன்னது ஒன்றைத்தான் பார்க்கலாம்.