எத்தியோப்பியா 1974: 'கிரீப்பிங் கூ'வுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி வரலாற்றுப் பாடநூல் ஒன்றில் எத்தியோப்பிய அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். நடந்தது புரட்சியா, 'கூ'வா (coup, படை ஆட்சியைக் கவிழ்ப்பது) என்று கேட்டுவிட்டு 'கிரீப்பிங் கூ' (creeping coup, மெல்ல மெல்ல நடந்த கவிழ்ப்பு) என்று மூலத்தில் பதில் சொல்கிறார்கள். நம் நாளிதழ்களில் கூ என்றால் 'ராணுவப் புரட்சி'. அதைப் போட்டால் "இது புரட்சியா, ராணுவப் புரட்சியா?" என்று வருகிறது.

விவரம் தெரியாதவர்களுக்காக: 1974 ஜனவரியில் தெற்கே நெகெலே போரானா முகாமில் சிப்பாய்களின் தண்ணீர்ப் பம்பு பழுதாகிவிட்டது. அதிகாரிகளின் கிணற்றில் எடுக்க விடவில்லை. சாப்பாடும் வாயில் வைக்க முடியாதது. விசாரிக்க வந்த தளபதியைப் பிடித்துவைத்து, அதே சாப்பாட்டைத் தின்ன வைத்து, அதே தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் ஆசிரியர் வேலைநிறுத்தம், பெட்ரோல் விலை ஏறியதால் டாக்சிக்காரர் வேலைநிறுத்தம், அஸ்மாராவில் படைக் கலகம். மாதக் கடைசியில் பிரதமர் அக்லிலு பதவியை விட்டுப் போனார். ஜூனில் ராணுவமும் போலீசும் சேர்ந்து சுமார் 120 பேர் கொண்ட 'தெர்க்' குழுவை அமைத்தன. இவர்கள் பேரரசர் ஹைலே செலாசிக்கு விசுவாசம் என்று அறிக்கை விட்டுக்கொண்டே, அவரிடமே அனுமதி வாங்கி, அவருடைய பிரமுகர்களைக் கைது செய்தார்கள். ஆகஸ்டில் அவருடைய ஆலோசனை சபை கலைக்கப்பட்டது, அரண்மனை நாட்டுடைமை ஆனது. செப்டம்பர் 12 அன்று ஹைலே செலாசியை ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த எட்டு மாதமும் சொல்லுக்குள் தெரிய வேண்டும். 'ஊர்ந்து வந்த கவிழ்ப்பு' பூரான் மாதிரி இருக்கிறது. உதவுங்கள்.

புலவர் எழுதியது:

தம்பி, முதலில் வேரைப் பார்ப்போம். புரள் என்பதிலிருந்துதான் புரட்டும் புரட்சியும். கவிழ்ப்புக்கு 'கவி' என்ற வேரைக் காட்டலாம். கவிதல் என்றால் மூடுதல். கவிகை என்றால் குடை. "கவிகைக்கீழ்த் தங்கும் உலகு" என்ற குறளில், செவி கைக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தனுக்குத்தான் அந்தக் குடை. எத்தியோப்பிய அரசவையிலும் தேவாலயத்திலும் சடங்குக் குடை உண்டு என்பதைக் கவனிக்க. வொல்லோ மாகாணப் பஞ்சத்தை 1973இல் வெளியே தெரியாமல் மறைத்த அரசவை அது. செவி கைக்கும் சொல்லைப் பொறுக்கவில்லை, கவிகை கவிழ்ந்தது.

இனிச் சொல். "அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை." படை என்றால் இங்கே கருவி, எத்தியோப்பியாவில் சேனையும்தான்! ஆகவே தேய்பிறை போல 'தேய்கவிழ்ப்பு'. வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

நா. எழுதியது (யாழ்ப்பாணம்):

ஐயா, தேய்பிறையில் தேய்வது பிறை. அப்படியென்றால் தேய்கவிழ்ப்பில் தேய்வது கவிழ்ப்பு, மன்னர் தப்பிவிடுவார். வினைத்தொகையே வேண்டாம். 'ஊர்கவிழ்ப்பு' என்றால் ஊரையே கவிழ்த்ததாகப் படும், 'நகர்கவிழ்ப்பு' என்றால் அடிஸ் அபாபாவை.

எங்கள் பத்திரிகைகளில் கனகாலமாகச் 'சதிப்புரட்சி' என்று எழுதுகிறோம். ஆனால் தெர்க் வானொலியில் அறிவித்து அறிவித்துச் செய்ததைச் சதி என்பது எனக்கே ஒட்டவில்லை. இன்னொன்று, எட்டு மாதக் கணக்கும் சரியில்லை. செப்டம்பர் 12 அன்றே வெளிநாட்டில் சிகிச்சையில் இருந்த பட்டத்து இளவரசரை மன்னராக வரும்படி அழைத்தார்கள். முடியாட்சியைச் சட்டப்படி ஒழித்தது 1975 மார்ச் 21. பதினான்கு மாதம் ஆகிறது.

புலவர் எழுதியது:

அப்படியானால் 'தேய்ப்புக் கவிழ்ப்பு'.

வே. எழுதியது:

ஐயா மன்னிக்க வேண்டும், இஸ்திரிக் கடை ஞாபகம் வருகிறது.

இரா. எழுதியது:

நான் இந்தப் பாடத்தை வகுப்பில் எடுக்கிறவள். எந்தக் கவிழ்ப்பைப் போட்டாலும் கதை 120 ராணுவக்காரர்களுடையதாகிவிடுகிறது என்பதுதான் என் மறுப்பு. அடிஸ் அபாபா மாணவர்கள் 1965லேயே "உழுபவனுக்கே நிலம்" என்று ஊர்வலம் போனார்கள். நமக்கும் பழகிய முழக்கம்தான். தெற்கே குத்தகைக்காரன் விளைச்சலில் பாதியையும், சில இடங்களில் அதற்கு மேலும் கொடுத்துக்கொண்டிருந்தான். மார்ச்சில் தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தம், ஏப்ரலில் சம உரிமை கேட்டு முஸ்லிம்களின் பெரும் ஊர்வலம். அப்போது தெர்க் பிறக்கவே இல்லை. மன்னரை இறக்குவதற்கு முந்தின இரவு, பஞ்சப் படத்தையும் அரண்மனை விருந்தையும் மாற்றி மாற்றித் தொலைக்காட்சியில் காட்டினார்களே, எதற்கு? தெருவின் கோபம் இல்லாமல் காரியம் நடக்காது என்று தெரிந்ததால்தான்.

அதற்காக ராணுவத்தைத் தூக்கிவைக்கவும் இல்லை. ரத்தம் சிந்தாமல் என்று முழங்கிவிட்டு நவம்பர் 23 அன்று சுமார் 60 பேரைக் கொன்றார்கள். டிசம்பரில் சோசலிசம் என்றார்கள். 1975 மார்ச் 4 அன்று கிராமத்து நிலம் முழுவதும் பொதுவுடைமை, ஒரு குடும்பத்துக்குப் பத்து ஹெக்டேர் உச்சவரம்பு. கேட்ட மாணவர்களே அதைக் கொண்டாடத் தெருவுக்கு வந்தார்கள். 1977-78இல் தெர்க் தன் எதிர்ப்பாளர்களைக் கொன்று குவித்த செம்பயங்கரத்தில் (Red Terror) செத்ததும் பெரும்பாலும் அந்தத் தலைமுறைதான். நிலத்தைப் பிரித்ததைக் கவிழ்ப்பு என்று எந்த அகராதி சொல்லும்?

தனிச்சொல் எதற்கு? "புரட்சியைப் படை கொஞ்சம் கொஞ்சமாகக் கைப்பற்றியது" என்று எழுதுங்கள். என் மாணவர்களுக்குப் புரியும்.

செ. எழுதியது:

அக்கா, வாக்கியம் பிரமாதம். ஆனால் பின்னிணைப்பில் கலைச்சொல் பட்டியல் கேட்கிறார்கள். அங்கே வாக்கியத்தைப் போட முடியாது. வே., நா. இருவரும் தனிமடலில் 'படிப்படிக் கவிழ்ப்பு' போதும் என்கிறார்கள். எனக்கும் அலுத்துவிட்டது. பட்டியலில் அதையும், பாடத்துக்குள் உங்கள் வாக்கியத்தையும் போட்டு இன்றிரவு அனுப்புகிறேன்.

புலவர் எழுதியது:

'படிப்படி' என்றால் மாடிப்படி. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்க.

இரா. எழுதியது:

என்னுடையதையும். தேர்வில் 'படிப்படிக் கவிழ்ப்பு' பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். பிள்ளைகள் தேதிகளை வரிசையாக ஒப்பிப்பார்கள். குத்தகைக்காரன் அதில் வரமாட்டான்.

வே. எழுதியது:

அது சரி, தெர்க்கா, டெர்க்கா? அம்ஹாரிக்கில் அந்தச் சொல்லுக்குக் குழு என்றுதான் அர்த்தம் என்றால், 'குழு' என்றே போட்டுவிடலாமே?