நீலகிரி இறக்கங்களுக்கு ஹார்டுடெயில்: பிரேக் தாங்குமா, எந்த டயர், எங்கே ஓட்டலாம்?

கோவை_ஹார்டுடெயில் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் எம்டிபி (மலை சைக்கிள்) ஓட்டி, கடைசியில் மேட்டுப்பாளையம் வரை இறங்கத் திட்டம். வண்டி 29 அங்குல ஹார்டுடெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதது). முன்னால் 120 மி.மீ. ஏர் ஃபோர்க், முன்னும் பின்னும் 160 மி.மீ. ரோட்டர் (பிரேக் தகடு), மினரல் ஆயில் ஹைட்ராலிக் பிரேக், ரெசின் பேட் (தகட்டைப் பிடிக்கும் கட்டை). டயர் 2.25, டியூபோடு 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம். ஆள் 78 கிலோ, வண்டி 14, பை 4.

நீண்ட இறக்கத்தில் பத்து நிமிடத்துக்குள் பின் பிரேக் லிவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறது. பின் டியூபில் அடிக்கடி இரட்டை ஓட்டை. ரோட்டரை 203க்கு மாற்றினால் சரியாகுமா? செப்டம்பர் கடைசியில் போகலாமா, ஜனவரி நல்லதா? சோலைக்குள் (மலைப் பள்ளத்து அடர்காடு) போகும் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி உண்டா?

தேய்ந்த_பேட்

முதலில் கணக்கு. உங்கள் மொத்த எடை 96 கிலோ. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், அடிவாரத்துக் கல்லாறு சுமார் 400. 96 × 9.8 × 1,450 என்றால் ஏறத்தாழ 1,360 கிலோஜூல். நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும் மீதி முழுவதும் இரண்டு மெல்லிய தகடுகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

பிரேக் போவதில் இரண்டு வகை உண்டு. லிவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. லிவர் பொதபொதவென்று பார் வரை வந்தால் ஆயிலில் காற்றுக் குமிழ் இருக்கிறது, அல்லது உள்ளே புகுந்த ஈரம் ஆவியாகிறது. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. அதனால் ரோட்டர் வாங்குமுன் பிளீட் செய்யுங்கள், அதாவது ஆயிலை மாற்றிக் காற்றை வெளியேற்றுங்கள்.

சக்கரத்தையும் பேடையும் கழற்றி ஓரமாக வையுங்கள். பேடை உள்ளேயே விட்டுவிட்டு, அதில் ஆயில் சிந்தி, பிறகு பிரேக் கத்துகிறது என்று அலைபவர்கள்தான் அதிகம். பேட் இருந்த காலிப்பரில் பிளீட் பிளாக் (பிஸ்டன்களைப் பிடித்து வைக்கும் கட்டை) வையுங்கள். லிவரைத் தரைக்கு இணையாகத் திருப்பிப் புனலை மாட்டி, கீழிருந்து சிரிஞ்சால் புது மினரல் ஆயிலை மெதுவாக ஏற்றுங்கள். ஹோஸைக் கீழிருந்து மேலாக விரலால் தட்டிக்கொண்டே வந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள் புனலுக்கு வந்துவிடும். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஃப்ளூயிட் (வேறு வகைப் பிரேக் திரவம்) ஒரு சொட்டுக்கூட கலக்கக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

ரோட்டருக்கு வருவோம். முன்னால் 180 போதும், பின்னால் 160ஐயே விடலாம். 203 போட வேண்டுமானால் ஃபோர்க் தயாரிப்பாளர் அதிகபட்சமாக எந்த அளவை அனுமதிக்கிறார் என்று பார்க்காமல் போடாதீர்கள். பேடை உலோகத்துக்கு மாற்றுமுன் ரோட்டரில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் உலோகப் பேட் அந்தத் தகட்டைச் சீக்கிரமே தின்றுவிடும். சாதாரண ஷிமானோ ரோட்டர் 1.8 மி.மீ. தடிமன், 1.5க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும்.

புதுப் பேடைப் பழக்காமல் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சமதளத்தில் 20 கி.மீ. வேகம் எடுத்து, முழுதாக நிற்காமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

ஓட்டும்போது லிவரை லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் பிரேக்கைக் கொல்லும் பழக்கம். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட அந்தச் சில நொடிகளில்தான் தகடு ஆறுகிறது. சூடான ரோட்டரில் தண்ணீர் ஊற்றுவது அறவே கூடாது, நெளிந்துவிடும்.

செம்மண்_டயர்

மேலே சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடிப்பது காய்ந்த தரைக்குச் சரி. நனைந்த செம்மண்ணில் அப்படிப் பிடித்தால் முன் டயர் வழுக்கி ஆள் கீழே கிடப்பார். அங்கே பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே மெதுவாகத் தொடங்கி, வண்டி நேராக இருக்கும்போதே பிடித்து முடித்துவிட வேண்டும். வண்டி சாய்ந்த பிறகு முன் லிவரைத் தொடாதீர்கள்.

இரட்டை ஓட்டை என்பது 'பாம்புக் கடி'. தோட்டப் பாதைகளில் பதித்திருக்கும் கூர்க்கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்குகிறது. அதற்குப் பயந்து 35 பிஎஸ்ஐ வைத்தால் ஈர வேரில் டயருக்குப் பிடிப்பே இருக்காது. குறைத்தால் மறுபடி கடி. டியூபை எடுத்துவிடுவது ஒன்றுதான் வழி.

ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதா என்று முதலில் பாருங்கள். டேப்பின் அகலம் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும், 25 மி.மீ. ரிம்முக்கு 28 மி.மீ. டேப். ஒட்டுமுன் ரிம்மை ஸ்பிரிட்டால் துடையுங்கள். காற்று கசிவதற்குப் பெரும்பாலும் எண்ணெய்ப் பசையில் ஒட்டிய டேப்தான் காரணம். 29 × 2.4 டயருக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்). நம் சமவெளி வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், குலுக்கிப் பார்த்து நிரப்புங்கள். உங்கள் எடைக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் ஒரு பிஎஸ்ஐ ஏற்றுங்கள்.

ஈரக் காலத்துக்கு, மேல்பரப்பின் ரப்பர்க் குமிழ்கள் நெருக்கமான டயர் வேண்டாம். செம்மண் இடைவெளியில் அப்பிக்கொண்டால் அரை கிலோமீட்டரில் டயர் வழுவழு உருளையாகிவிடும். இடைவெளி அகன்ற, உயரமான குமிழ் வேண்டும். பின்னால் சங்கிலித் தண்டுக்கும் (ஃபிரேமின் செயின்ஸ்டே குழாய்) டயருக்கும் இரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. இடம் இருக்கட்டும். இல்லையென்றால் சேறு சிக்கிச் சக்கரம் சுற்றாது, பெயின்டும் தேய்ந்து போகும்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு: கற்பூர மரப் (யூகலிப்டஸ்) பட்டை. நீள நீளமாக உரிந்து பாதையில் கிடக்கும். பின் டீரெய்லரில் (கியர் மாற்றும் பாகம்) சுற்றிக்கொண்டால் ஒரே மிதியில் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிடும், சில நேரம் முறிந்து டீரெய்லர் ஆரக்காலுக்குள் போய்விடும். உங்கள் ஃபிரேமுக்கான உதிரி ஹேங்கர் ஒன்றும், சங்கிலிக்கு ஒரு குயிக் லிங்க்கும் (கையால் பூட்டும் இணைப்புக் கண்ணி) பையில் கட்டாயம். பட்டை சிக்கிய சத்தம் கேட்ட உடனே மிதிப்பதை நிறுத்துங்கள். கற்பூர மரம், சீகை மரம் (வாட்டில்) இவற்றின் ஈர வேர்களைச் சாய்வாகக் கடக்காமல் செங்குத்தாகக் கடங்கள், அந்த நேரத்தில் பிரேக் பிடிக்காதீர்கள்.

ஹட்டி_வழி

வண்டியைவிடப் பாதையும் பருவமும்தான் இங்கே முக்கியம். அனுமதியிலிருந்து தொடங்குகிறேன்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். நடந்து போனாலும் அதே சட்டம்தான், சைக்கிளுக்கு விலக்கு இல்லை. முதுமலை புலிகள் காப்பகம், முக்குருத்தி தேசியப் பூங்கா இரண்டையும் நினைக்கவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. அரசு 2024இல் 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது, ஆனால் அவை நடப்பவர்களுக்கானவை. இணையத்தில் யாரோ ஏற்றிய ஜிபிஎஸ் தடம் சோலைக்குள் போகிறது என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. சோலை மண் ஆழமாக, பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். டயர் கிழித்த தடத்தில் அடுத்த மழை ஓடையாக ஓடும். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பவை ஊராட்சிச் சாலைகள், ஹட்டிகளை (படுகர் ஊர்கள்) இணைக்கும் பழைய வழிகள், தோட்டப் பாதைகள். தோட்டம் தனியார் சொத்து. அலுவலகத்தில் மேலாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எந்தப் பகுதியில் மருந்து அடிக்கிறார்கள், எங்கே இலை பறிக்கிறார்கள் என்று அவர்களே சொல்லி வேறு வழி காட்டுவார்கள். தலைச்சுமையோடு வருபவர்களைக் கண்டால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். வரிசைகளுக்கு நடுவே ஓடும் வடிகால்களில் ஓட்டாதீர்கள், கரை உடைந்தால் கீழ்ச்சரிவு மண் போய்விடும்.

பருவம்: தென்மேற்கு மழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டும்போது குன்னூர், கோத்தகிரி சரிவுகள் ஓரளவு தப்பும். அவற்றை நனைப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்கு மழை; மண்சரிவும் அப்போதுதான். ஆக, செப்டம்பர் கடைசி ஓட்டக்கூடிய காலம்தான், அட்டைக்கு மட்டும் தயாராகப் போங்கள். ஜனவரியில் பாதை இன்னும் நன்றாக இருக்கும். ஊட்டிப் பக்கம் காலையில் உறைபனி படிந்த புல் கண்ணாடி போல வழுக்கும், வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள்.

விலங்குகள். கோத்தகிரி, குன்னூர் தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும் அன்றாடம் நடமாடுகின்றன. கரடி விடியலிலும் அந்தியிலும் வெளியே வரும், திடீரென்று கிட்டத்தில் பார்த்தால் பாயும். காட்டெருமை தூரத்தில் நின்று பார்த்தால் நீங்களும் நில்லுங்கள். மணி அடிக்காமல், கத்தாமல், அது விலகும்வரை காத்திருங்கள். பர்லியாறு, கல்லாறு பகுதியில் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும். காலை எட்டுக்கு முன்பும் மாலை நாலுக்குப் பின்பும் வண்டியில் இருக்காதீர்கள். மூடுபனியில் பார்வை இருபது மீட்டருக்குக் குறைந்தால் தள்ளிக்கொண்டு நடங்கள்.

காரில் சைக்கிளை ஏற்றி வந்தால் காருக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து நடைமுறை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. பிளாடர் பை (குழாயால் உறிஞ்சும் தண்ணீர்ப் பை) அல்லது ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள்.

கோவை_ஹார்டுடெயில்

மிக்க நன்றி. சோலை யோசனையை விட்டுவிட்டேன். பேடை அளந்தேன், பின்னால் 0.4 மி.மீ.தான் மிச்சம். ஃபோர்க்கில் எவ்வளவு காற்று வைப்பது?

தேய்ந்த_பேட்

0.5க்குக் கீழே போன பேடோடு மலைக்குப் போகக் கூடாது, உடனே மாற்றுங்கள். பிஸ்டன்களை முழுதாகப் பின்னால் தள்ளிய பிறகுதான் பிளீட், புதுப் பேட் கடைசியில். வரிசை மாறினால் ஆயில் அளவு அதிகமாகி ரோட்டர் உரசும்.

ஃபோர்க் காற்றை எண்ணாகச் சொல்ல முடியாது, சேக் (உங்கள் எடையில் ஃபோர்க் அமுங்கும் அளவு) வைத்து அளக்க வேண்டும். பையோடு, ஹெல்மெட்டோடு வண்டியில் நின்றபடி பாருங்கள். 120 மி.மீ.க்கு 20 முதல் 24 மி.மீ. அமுங்கினால் சரி. ரீபவுண்டை (அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகம்) நடுவில் வைத்துத் தொடங்குங்கள். தொடர்ச்சியான கற்களில் ஃபோர்க் எழும்ப நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போனால் இரண்டு கிளிக் வேகப்படுத்துங்கள்.