கடும் வைரஸ் தொற்றில் இதயத்தைக் கெடுப்பது வைரஸா, அழற்சியா?

கரிசல்மண்:
2021 மே மாதம் அப்பாவுக்குக் கொரோனா. ஆறாம் நாள் மூச்சுத்திணறல் வந்து ஆக்சிஜன் அளவு 84க்கு இறங்கியது. மருத்துவமனையில் சேர்த்த மறுநாள், இரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை கெடும்போது இரத்தத்தில் கலக்கும் புரதம்) கூடியிருக்கிறது, வைரஸ் இதயத்தைத் தாக்கிவிட்டது என்று டியூட்டி டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். வேறு யாரும் எதையும் விளக்கவில்லை. அப்பா பிழைத்து வந்தார். பிறகு எடுத்த ஆஞ்சியோவில் எங்கும் அடைப்பு இல்லை. ஆனால் எக்கோவில் பம்பிங் 40 சதவீதம்தான். அதற்கு முன் அவருக்கு இதயத் தொந்தரவு இருந்ததே இல்லை.

2024 மார்ச்சில் ‘சர்குலேஷன்’ இதழில் வந்த பாஸ்டன் ஆய்வு ஒன்றைப் பற்றி இப்போது படித்தேன். கொரோனாவால் நுரையீரல் செயலிழந்து இறந்த 21 பேரின் இதயத் திசுவை, வேறு காரணங்களால் இறந்த 33 பேரின் திசுவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். இதயத்திலேயே தங்கிப் பராமரிப்பு வேலை பார்க்கும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் சக்திச் செல்கள் நிறைய உண்டாம். கொரோனாவில் இறந்தவர்களிடம் அந்த அமைதியான வகையின் பங்கு குறைந்து, அழற்சியைக் (எதிர்ப்புச் சக்தி சீறி எழுவதால் திசுவில் வரும் வீக்கத்தை) கிளப்பும் வகை பெருகியிருந்தது. எலிகளில் வைரஸே இல்லாமல் நுரையீரலை மட்டும் கெடுத்துப் பார்த்தபோதும் இதயத்தில் அதே மாற்றம். அப்படியானால் எங்களிடம் சொன்னது தவறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:
தவறு என்று அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள் நண்பரே. நான் படித்தது வைராலஜி. காக்ஸாகி பி வைரஸ் இதயத் தசைச் செல்லுக்குள் நேரடியாகப் புகுந்து அதைக் கொல்லும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். கொரோனா வைரஸ் நுழையும் ஏசிஇ2 வாசல் இதயத்திலும் இருக்கிறது. 2020இல் ஹாம்பர்க்கில் இறந்த 39 பேரின் இதயங்களைச் சோதித்தார்கள். 24 இதயங்களில் வைரஸ் இருந்தது, 16இல் அதிக அளவில். வைரஸ் உள்ளே இருக்கும்போது பழியை அழற்சியின் மேல் மட்டும் போட முடியுமா?

இரவுப்பணி:
அதே ஹாம்பர்க் ஆய்வின் அடுத்த பாதியையும் சொல்லுங்கள் தம்பி. வைரஸ் அதிகம் இருந்த இதயங்களில் அழற்சிச் செல்கள் கூடுதலாகக் குவிந்திருக்கவில்லை. வைரஸ் தங்கியிருந்ததும் தசைச் செல்லில் அல்ல, இடைத்திசுச் செல்லிலோ மேக்ரோஃபேஜிலோ இருக்கலாம் என்றுதான் அவர்களே கருதினார்கள். இன்னொரு பிரேதப் பரிசோதனை ஆய்வில் 21 இதயங்களைப் பார்த்தார்கள். வைரஸ் தாக்குதலில் நாம் எதிர்பார்க்கும் மயோகார்டைட்டிஸ், அதாவது லிம்போசைட் செல்கள் குவிந்து இதயத் தசையைக் கெடுப்பது, 3 பேருக்குத்தான். மேக்ரோஃபேஜ் கூட்டம் 18 பேருக்கு.

நான் ஐசியு செவிலியர். இரண்டாம் அலை முழுக்க வார்டில் இருந்தேன். அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஏறினால் கூடவே ட்ரோபோனினும் ஏறுவதை ரிப்போர்ட்டில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. வூஹானில் 187 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்விலும் இவை இரண்டும் சேர்ந்தே ஏறியிருந்தன.

பழையதிண்ணை:
நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியன். இருவருமே எளிய காரணத்தைத் தாண்டிப் போகிறீர்கள் என்று படுகிறது. ஆக்சிஜன் 84. காய்ச்சல் வேறு. இதயம் நிமிடத்துக்கு 120, 130 முறை அடித்திருக்கும். வேலை இரட்டிப்பு, கிடைக்கும் ஆக்சிஜனோ குறைவு. தசை வாடத்தானே செய்யும்? ட்ரோபோனின் அதனாலும் ஏறும். அப்புறம் வயது. வூஹானின் ரென்மின் மருத்துவமனையில் 416 பேரைப் பார்த்தார்கள். இதயப் பாதிப்பு இருந்த 82 பேரின் இடைநிலை (மீடியன்) வயது 74, மற்றவர்களுக்கு 60. முதியவர்களுக்கு ஏற்கெனவே உள்ள நோய்தான் வெளியே வந்தது என்றும் கொள்ளலாமே.

இரவுப்பணி:
ஆக்சிஜன் குறைவு ஒரு காரணம்தான் ஐயா, மறுக்கவில்லை. பழைய நோய் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த 187 பேர் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். இதய நோய் ஏற்கெனவே இருந்து, ட்ரோபோனின் ஏறாதவர்களில் இறந்தவர்கள் 13 சதவீதம். இதய நோயே இல்லாமல் ட்ரோபோனின் ஏறியவர்களில் இறந்தவர்கள் 37 சதவீதத்துக்கு மேல். பழைய நோய் மட்டும் காரணமாக இருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? கரிசல்மண் அப்பாவும் முன்பு நோய் இல்லாதவர்தான்.

பழையதிண்ணை:
இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது அம்மா. நியாயம். ‘பழைய நோய்’ வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆக்சிஜன் வாதத்தை விடவில்லை. பாஸ்டன் எலிகளுக்கும் நுரையீரல் கெட்டதல்லவா? அவற்றுக்கும் ஆக்சிஜன் குறைந்திருக்குமே.

நுண்ணோக்கி:
ஐயா கேட்டது நல்ல கேள்வி. என்னுடையது வேறு. அழற்சிதான் குற்றவாளி என்றால் அழற்சியை அடக்கும் மருந்து எல்லாமே உயிரைக் காத்திருக்க வேண்டும். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் கொல்ச்சிசினை 11,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். மருந்து கொடுத்தவர்களிலும் 21 சதவீதம் இறந்தார்கள், கொடுக்காதவர்களிலும் 21 சதவீதம். இதற்கு என்ன பதில் அக்கா?

இரவுப்பணி:
அழற்சி என்பது ஒரே குழாயில் வரும் தண்ணீர் இல்லை தம்பி, ஒரு இடத்தில் திருகினால் நிற்பதற்கு. கொல்ச்சிசின் ஒரு வழியை அடைக்கிறது, மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன. அதே ரெக்கவரியில் ஐஎல்-6 என்ற வழியை அடைக்கும் டோசிலிசுமாப் இறப்பை 35லிருந்து 31 சதவீதமாகக் குறைத்தது. டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 6 மில்லிகிராம் கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41லிருந்து 29 சதவீதத்துக்கு வந்தது. அந்தச் செய்தி 2020 ஜூனில் வந்தபோது எங்கள் வார்டில் இருந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. மலிவான மருந்து, எங்கும் கிடைக்கும்.

பாஸ்டன் ஆய்விலும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளை எதிர்ப்புரதம் கொண்டு மடக்கியபோது எலிகளின் இதயத்தில் அழற்சி தணிந்தது. ஐயாவின் கேள்விக்கும் அதில் பாதி பதில் இருக்கிறது. அங்கே சரிசெய்தது ஆக்சிஜனை அல்ல, அழற்சியை. இதயம் அதற்கே பலன் காட்டியது.

நுண்ணோக்கி:
டெக்சாமெதாசோன் காத்தது உயிரை. அது நுரையீரலைக் காத்ததாலா, இதயத்தைக் காத்ததாலா என்று அந்த எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது. இன்னொன்று. அதே ஆய்வில் ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அந்த மருந்தால் நன்மை இல்லை. மருந்து எடுத்தவர்களில் இறப்பு 17.8 சதவீதம், எடுக்காதவர்களில் 14. வைரஸ் பெருகும் முதல் வாரத்தில் எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் பலன் இல்லை என்றுதானே இதற்குப் பொருள்? இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. என் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே, ஆக்சிஜன் 97 இருக்கும்போதே, வீட்டுக்கு ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரை 400ஐத் தாண்டியது. பிறகு கருப்புப் பூஞ்சை. ஒரு கண் போய்விட்டது. ‘எல்லாம் அழற்சி’ என்று இணையத்தில் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு அந்த முகம்தான் வருகிறது.

இரவுப்பணி:
மன்னியுங்கள் தம்பி. அப்படி வந்தவர்களை நானும் பார்த்தேன். நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. வைரஸ் முதலில், அழற்சி பிறகு. நாள் கணக்கு தெரியாமல் கொடுத்த ஸ்டீராய்டு கெடுதல்தான். என் வாதம் ஆறாம் நாள், ஏழாம் நாள் மூச்சுத் திணறி வருகிறவர்களைப் பற்றியது. கரிசல்மண் அப்பா அந்த நிலையில்தான் வந்தார்.

நுண்ணோக்கி:
அந்தக் கட்டத்தைப் பற்றி என்றால் பெருமளவு ஒத்துப்போகிறேன். ஆனாலும் வைரஸுக்கு அங்கே பங்கே இல்லை என்று எழுத மாட்டேன். 39இல் 24 என்பது சின்ன எண் இல்லை.

பழையதிண்ணை:
இது கொரோனாவுக்கு மட்டும்தானா?

இரவுப்பணி:
இல்லை ஐயா. சாதாரண ஃப்ளூவுக்கும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்புக்கு மருத்துவமனை சேரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட 6 மடங்கு. அங்கே வைரஸ் இதயத்துக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. உடம்பு முழுக்கக் கிளம்பும் அழற்சி, இரத்தக் குழாயில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்புப் படிவை உடைத்து, அங்கே இரத்தம் உறைந்தால் போதும்.

கரிசல்மண்:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு நடந்ததில் வைரஸ், அழற்சி, ஆக்சிஜன் குறைவு மூன்றும் கலந்திருக்கலாம் என்று புரிகிறது. இனி என்ன செய்வது என்பதுதான் எனக்கு முக்கியம். பம்பிங் போன வருடம் 48 வந்தது. மாத்திரைகளை நிறுத்தலாமா என்று அப்பா கேட்கிறார். அவருக்கு ஃப்ளூ ஊசி போடலாமா?

இரவுப்பணி:
மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பம்பிங் ஏறியதே அந்த மாத்திரைகளால் இருக்கலாம், நிறுத்தினால் மறுபடி இறங்கிவிடும் ஆபத்து உண்டு. ஃப்ளூ ஊசி பற்றி 2021இல் வந்த ஒரு ஆய்வு இருக்கிறது. பெரும்பாலும் மாரடைப்பு வந்தவர்கள், சுமார் 2,500 பேர். ஊசி போட்டவர்களில் ஒரு வருடத்துக்குள் மரணம், மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு எல்லாம் சேர்த்து 5.3 சதவீதம், போடாதவர்களில் 7.2. உங்கள் அப்பாவுக்கு அடைப்பு இல்லை என்பதால் அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் பம்பிங் குறைந்தவர்களுக்கு ஃப்ளூ ஊசி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதுதான். அவரைப் பார்க்கும் இதய மருத்துவரிடம் கேளுங்கள். பழைய ட்ரோபோனின், சிஆர்பி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கரிசல்மண்:
சரி அக்கா. வரும் திங்கட்கிழமை ரிவ்யூ இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி அம்மாவின் பீரோவில் இருக்கிறது, இன்றிரவே எடுத்து வைக்கிறேன்.