திருவையாறு ஆராதனை: அறை வாடகை மூன்று மடங்கு. எட்டுப் பிள்ளைகளோடு எங்கே தங்குவது?

பூண்டி பாட்டு டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டியில் வீட்டிலேயே பாட்டு வகுப்பு நடத்துகிறேன். வருகிற தியாகராஜ ஆராதனைக்கு, தியாகராஜரின் பஞ்சரத்னம் என்கிற ஐந்து கிருதிகளைப் பாடுகிற கோஷ்டியில் உட்கார எட்டு மாணவிகளை அழைத்துப் போக வேண்டும். துணைக்கு இரண்டு அம்மாக்கள் வருகிறார்கள். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். ஆராதனை நாளான பஞ்சமிக்கு முந்தின இரவு கட்டாயம் தங்க வேண்டும். முடிந்தால் பஞ்சமி இரவும் தங்கிக் கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்ப ஆசை.

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையம் பக்கம் நாங்கள் வழக்கமாகத் தங்கும் லாட்ஜ் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். இரட்டைக் கட்டில், கொசுவலை அடித்த ஜன்னல், வெந்நீர் காலை ஏழரையோடு நின்றுவிடும். சாதாரண நாளில் 1,200 ரூபாய். ஆராதனை நாட்களுக்கு 3,600 என்கிறார்கள். அதுவும் மூன்று இரவு சேர்த்து எடுத்தால்தான் உண்டாம். அறைக்கு மூன்று பேர்தான், அதற்கு மேல் விடமாட்டார்களாம். நாலு அறை, மூன்று இரவு என்றால் 43,200 ரூபாய். நான் ஒரு பிள்ளைக்கு வாங்கும் மாதச் சம்பளம் 400. மற்ற இரண்டு இடங்களில் கேட்டேன், அங்கே இன்னும் கூட. திருவையாற்றிலேயே இருக்கும் சில லாட்ஜ்களில் போன் எடுத்ததுமே "எல்லாம் போயிடுச்சும்மா" என்கிறார்கள்.

அன்று காலையில் கிளம்பிப் போனால் என்ன என்று கேட்பீர்கள். மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர், அங்கே இறங்கி இன்னொரு பஸ், பள்ளியக்ரஹாரம், கண்டியூர் தாண்டித் திருவையாறு. பஞ்சரத்னம் ஒன்பது மணிவாக்கில் ஆரம்பிக்கும். ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தால்தான் பெண்கள் பக்கம் பாடுகிறவர்களோடு சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும். பின்னால் பந்தலில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கியில் கேட்கலாம், பாட முடியாது. விடிகாலை இரண்டு மணிக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை எழுப்பிப் பஸ் ஏற்றி, அப்புறம் நாட்டை ராகத்தில் ஜகதானந்தகாரகா பாடச் சொன்னால் தொண்டை திறக்காது.

டிவியில் பார்த்துவிட்டால் போதாதா என்று ஒரு பெற்றோரே கேட்டார். போதாது. வராளி ராகத்தைக் குரு எதிரே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று சங்கீதத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. என் குருவும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "திருவையாத்துக்குப் போய் உக்காரு, காதுல விழும்" என்றார். பஞ்சரத்னத்தில் வராளியில் வரும் கனகனருசிராவை நான் அப்படித்தான் அங்கே சுற்றிலும் பாடிய பெரியவர்களின் குரலிலிருந்து எடுத்துக்கொண்டேன். என் பிள்ளைகள் நாலு கிருதியை என்னிடம் பாடம் பண்ணிவிட்டார்கள். ஆரபியில் சாதிஞ்செனே அத்தனை சரணத்தையும் புத்தகம் பார்க்காமல் பாடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அப்பா கோட்டூர் பக்கம் குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருக்கிறார். வராளி மட்டும் அவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்துதான் வர வேண்டும்.

முன்கூட்டியே புக் பண்ண வேண்டியதுதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். புரட்டாசி, ஐப்பசியில் அட்வான்ஸ் கட்டச் சொன்னால் எங்கள் பக்கத்துக் குடும்பத்தில் யார் கையில் காசு இருக்கும்? உழவு, நடவு, உரம் என்று எல்லாம் வயலுக்குள் போயிருக்கிற நேரம் அது. நெல் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடைபோட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறத் தை பிறந்து நாளாகும். பணம் கைக்கு வந்து "இப்போ தர்றோம் டீச்சர்" என்று அவர்கள் சொல்லும்போது அறை இருப்பதில்லை, இருந்தால் மூன்று மடங்கு.

விழாவுக்குக் கட்டணம் கிடையாது. யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பாடலாம். பெண்கள் அங்கே பாடவே கூடாது என்றிருந்த காலத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைப் போட்டு அந்தச் சமாதிக் கோயிலை எழுப்பி, பெண்களுக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தார். அந்த இடத்தில் உட்காரப் போகிற பிள்ளைகள் அறை வாடகைக்காக வீட்டில் நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பெண் பிள்ளைகள் பத்திரமாகப் படுக்க ஒரு இடம், கழிப்பறை, குளிக்கத் தண்ணீர். இது போதும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரந்தை மேனேஜர்:

வணக்கம் டீச்சர். நான் தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறேன், நீங்கள் சொன்ன இடம் இல்லை. எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

ஆராதனைக்கு மட்டும் கூட்டம் வந்தால் இந்த விலை ஏறாது. மார்கழி, தை இரண்டும் எங்களுக்கு எல்லாம் ஒன்றாக வந்து விழுகிற காலம். சபரிமலை போய்வருகிற வேன்கள், பெரிய கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள், நவகிரகம் சுற்றுகிறவர்கள், தையில் கல்யாணக் கோஷ்டிகள். ஆராதனை திதிப்படி வருவதால் ஒவ்வொரு வருஷமும் வேறொன்றின் மேல் ஏறி உட்காரும். 2024-ல் ஜனவரி 26 முதல் 30 வரை. குடியரசு தினம் வெள்ளிக்கிழமை, மூன்று நாள் லீவு, அதற்கு முந்தின நாள் தைப்பூசம். 2025-ல் 14 முதல் 18, பொங்கலன்றே ஆரம்பம். எங்கள் பையன்கள் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். ரூம் கூட்ட ஆள் இல்லாமல் நானே துடைப்பம் எடுத்தேன்.

இன்னொன்று. சென்னை, ஹைதராபாத், பெங்களூர் டிராவல்ஸ்காரர்கள் தேதி பஞ்சாங்கத்தில் வந்த உடனே மொத்தமாக அறைகளைப் பிடித்துவிடுகிறார்கள். மீதி இருப்பது ஆன்லைன் தளங்களில் போகிறது. அவர்கள் கமிஷன் எடுப்பதால் முதலாளி அதையும் சேர்த்துத்தான் விலை போடுகிறார். ஆகவே தளத்தில் பார்த்த விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சாதாரண நாளில் நேரில் வந்து, முதலாளி இருக்கும்போது, பிள்ளைகள் பாட வருகிறார்கள் என்று சொல்லுங்கள். மூன்று இரவு நிபந்தனையை டிராவல்ஸ் ஆட்களுக்காகத்தான் போடுகிறோம். பேசினால் தளர்த்துவார்கள். பல இடங்களில் மேல்மாடியில் டிரைவர்கள் படுக்க நீளமான ஹால் ஒன்று இருக்கும். தனிப் பாத்ரூம் இருந்தால் அதைக் கேட்கலாம்.

பில்லில் வரியைப் பாருங்கள். நாள் வாடகை 7,500 ரூபாய் வரைக்குமான அறைக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12-ஐச் சொல்லி வாங்கினால் கொடுக்க வேண்டாம்.

பூண்டி பாட்டு டீச்சர்:

நன்றி தம்பி. துடைப்பம் எடுத்ததைப் படித்ததும் மனசு இளகிவிட்டது. உழைக்கிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். டிராவல்ஸ்காரர் ஆறு மாதம் முன்னால் பணம் கட்டுகிறார், அவருக்கு அறை. ஆராதனையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இப்படி முதல் இடம் போய்விட்டால், பாட வருகிற சின்ன ஊர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? நாகஸ்வரம் வாசிக்கிற பையன்களும் இதே நிலைமைதான். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேரை நானே பந்தல் ஓரத்தில் வாத்தியத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கப் பார்த்திருக்கிறேன். மார்கழிப் பனியில். ஆண் பிள்ளைகள், சமாளித்துவிட்டார்கள். என்னால் இந்தப் பெண்களை அப்படிப் படுக்கவைக்க முடியாது.

நேரில் வந்து பேசுகிறேன். ஹால் யோசனை நல்லது, ஆனால் டிரைவர்கள் படுக்கும் இடம் என்றால் அந்த மாடியில் அன்று வேறு ஆண்கள் யாரும் இல்லை என்று உறுதி தர வேண்டும்.

அரியலூர் ரயிலடி:

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு தகவல். எல்லோரும் தஞ்சாவூரையே பார்க்கிறீர்கள். அரியலூரில் தங்குங்கள். சென்னை-திருச்சி கார்டு லைன் ரயில் பாதை, வைகை, பல்லவன் எல்லாம் நிற்கும். அங்கிருந்து திருமானூர் வழியாகக் கொள்ளிடம் பாலம் தாண்டித் திருவையாறு ஒரு மணி நேரப் பயணம். சிமெண்ட் ஆலைகளுக்கு வந்துபோகிறவர்களுக்கான லாட்ஜ்கள் இங்கே உண்டு. ஆராதனைக்காக யாரும் விலை ஏற்றுவதில்லை. டீச்சருக்கு இது சுற்று, தெரியும். ஆனால் சென்னைக்காரர்கள் இந்தப் பக்கம் இறங்கினால் தஞ்சாவூரில் நாலு அறை மிஞ்சும்.

ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டால் தஞ்சாவூர் ஜங்ஷனில் ஓய்வறையையும் பாருங்கள். பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் எடுக்கலாம். அதிகபட்சம் 48 மணி நேரம். அறைகள் கொஞ்சம்தான்.

குடந்தை வயலின்:

டீச்சர், ஒரு எச்சரிக்கை. நாங்கள் போன தடவை ஒரு விடுதியில் 1,500-க்குப் பேசி முன்பணமும் அனுப்பியிருந்தோம். இரண்டு நாள் முன்னால் போன் பண்ணி, "அந்த ரேட்டுக்கு இல்லை சார், 4,000 குடுத்தா வாங்க, இல்லன்னா அட்வான்ஸ் திருப்பி அனுப்பிடறோம்" என்றார்கள். விலையைக் கூட்டி வைப்பதற்குத் தடை இல்லை. பேசிப் பணம் வாங்கிய பிறகு மாற்றுவது சேவைக் குறைபாடு. நான் வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதிய விலை, தேதி, பணம் போன ரசீது மூன்றையும் வைத்திருந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியப் போகிறேன் என்றதும் பழைய விலைக்கே கொடுத்தார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. வாய்ப்பேச்சாக எதையும் விடாதீர்கள். எத்தனை அறை, எந்தத் தேதி, எவ்வளவு, வரி சேர்த்தா சேர்க்காமலா என்று நீங்களே ஒரு செய்தி அனுப்பி, அதற்கு "சரி" என்று பதில் வாங்கிவிட்டுப் பணம் போடுங்கள்.

கண்டியூர் மீனா:

டீச்சர், லாட்ஜை விடுங்கள், சின்னக் கல்யாண மண்டபம் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து பாலம் தாண்டினால் திருவையாறுதான். இந்தச் சாலை ஓரம் மண்டபங்கள் நிறைய இருக்கின்றன. ஆராதனை பகுள பஞ்சமி, அதாவது தேய்பிறை. முகூர்த்தம் பெரும்பாலும் வளர்பிறையில்தான் வைக்கிறார்கள். அதனால் தை மாதமாகவே இருந்தாலும் அந்த இரண்டு நாள் மண்டபம் சும்மா கிடக்க வாய்ப்பு அதிகம். கல்யாண வாடகை சொல்வார்கள், பயப்படாதீர்கள். சமையல்கட்டு வேண்டாம், மேடை வேண்டாம், ஜெனரேட்டர் வேண்டாம், மணமகள் அறையும் டைனிங் ஹாலும் மட்டும் இரவு தங்க என்று கேளுங்கள். மணமகள் அறையில் உள்தாழ்ப்பாளும் பாத்ரூமும் இருக்கும். என் நாத்தனார் மகளின் நாட்டியப் பள்ளிக்கு அப்படித்தான் எடுத்தோம். மின்சாரம் மீட்டர் பார்த்துத் தனியாக, கூட்டித் துடைக்க ஒரு தொகை, வாடகை. மூன்றும் சேர்த்து ஒரு இரவுக்கு 5,000-க்குள் முடிந்தது.

வேறு ஊர்ப் பாட்டு டீச்சர் யாராவது பெண் பிள்ளைகளோடு வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், செலவு பாதியாகும். இரவுக் காவலுக்கு மண்டபத்து வாட்ச்மேனோடு எங்கள் வீட்டுக்காரரும் வந்து இருப்பார்.

திருவையாறு அரசு இசைக் கல்லூரிக்கும் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். மாணவிகளின் பெயர், வயது, பெற்றோர் சம்மதக் கடிதத்தோடு கேட்டால் இடம் தரலாம். நேரம் எடுக்கும், இப்போதே எழுதுங்கள்.

பூண்டி பாட்டு டீச்சர்:

மீனாம்மா, உங்கள் பதிலை எட்டு பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் வாசித்துக் காட்டினேன். கோட்டூர்ப் பெண்ணின் அம்மா, "வீட்டுக்காரரும் வந்து இருக்கேன்னு சொல்றாங்களா" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். தலைக்கு 1,000 ரூபாய்க்குள் இரண்டு இரவும் முடிந்துவிடும் போலிருக்கிறது. இதைத் தை பிறந்தும் அவர்களால் கொடுக்க முடியும். அட்வான்ஸை நான் இப்போது போட்டுவிடுகிறேன்.

நம் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இது புதிதும் அல்ல. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டினார். தியாகையர் திருவையாற்றில் பாடிக்கொண்டிருந்த அதே காலம். வழிப்போக்கருக்குச் சோறும் படுக்க இடமும் கொடுப்பது அன்றைக்கு அரசாங்கத்தின் வேலையாக இருந்தது. ஆராதனையன்று தஞ்சாவூர் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. திருவையாற்றில் நாலு பள்ளி வகுப்பறைகளை முந்தின இரவு மட்டும் திறந்துவிட்டால், பாட வருகிற பிள்ளைகள் அத்தனை பேரும் படுத்துக்கொள்ளலாம். கலெக்டருக்கு இதை மனுவாக எழுதப் போகிறேன். பாட்டு, நாகஸ்வரம், நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் உங்கள் ஊரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இங்கே எழுதினால் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.

வயலின் சார் சொன்னபடி எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். கரந்தைத் தம்பி, மண்டபம் அமையாவிட்டால் உங்களைத்தான் வந்து பார்ப்பேன்.

மீனாம்மா, மண்டபத்துக்காரர் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பாய், போர்வை நாங்கள் கொண்டுவருகிறோம். குளிக்கத் தண்ணீர் போர் மோட்டாரா, மேல் தொட்டியா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். பதினொரு பேர் காலை ஐந்தரைக்குள் குளித்து முடிக்க வேண்டும்.