தாத்தா செதுக்கிய கோடாலிக் காம்பு: காப்பாற்ற வழி உண்டா?

பரணில்தேடியவன்:

தாத்தாவின் கோடாலி ஒன்று என்னிடம் இருக்கிறது. தலை மட்டும்தான் வாங்கியது, காம்பு அவரே கத்தியும் உளியும் வைத்துச் செதுக்கியது. கடைசல் பிடித்த வழவழப்பு அதில் கிடையாது. தடவிப் பார்த்தால் கத்தி போன போக்கில் சின்னச் சின்னப் பட்டைகள் கையில் படும், அடிப்பக்கம் லேசாக வளைந்து சுண்டுவிரல் போய் நிற்கிற இடத்தில் ஒரு திரட்சி இருக்கும், மேல்கை வழுக்கிக்கொண்டு போய்வந்த நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. என் கையும் அதில் அப்படியே பொருந்துகிறது.

பிரச்சினை, தலை ஆடுகிறது. வேலை இருந்தால் முந்தின இரவே ஒரு வாளித் தண்ணீரில் தலைப்பக்கத்தை ஊறப்போட்டுவிடுவேன். காலையில் கல் மாதிரி இறுகியிருக்கும். ஆரம்பத்தில் ஒரு வாரம் தாங்கியது, இப்போது ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. உச்சியில் யாரோ எப்போதோ மூன்று ஆணி அடித்திருக்கிறார்கள், அதிலிருந்து கிளம்பிய ஒரு விரிசல் தலைக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் வரை இறங்கியிருக்கிறது. இரும்பு முழுக்கத் துரு, வாயில் ஒரு இடத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பொக்கை.

காம்பைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு போடு, மாட்டியிருக்கிற மரத்தை நெருப்பில் போட்டு எரித்து எடு, வாயை மெஷினில் கொடுத்துத் தீட்டு என்கிறார்கள். எனக்கு அந்தக் காம்பு வேண்டும். அதைச் சும்மா சுவரில் மாட்டிவைக்கவும் மனசில்லை, அதை வைத்து விறகு பிளக்க வேண்டும். முடியுமா?

கொட்டாப்புளி:

முதலில் அந்த வாளியை எடுத்து ஓரமாக வையுங்கள். தலை ஆடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மரம் தண்ணீர் குடித்தால் குறுக்குவாக்கில் பருக்கும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. வெளியே இரும்பு சுற்றி நிற்கிறது, அது ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுக்காது. அப்போது பருக்கிற மரம் எங்கே போகும்? தன் நாரையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் அந்த நசுங்கின அளவிலிருந்து சுருங்குவதால் முன்பு இருந்ததைவிட இன்னும் மெலிந்துபோகும். ஒரு வாரம் தாங்கியது ஒரு நாளுக்கு வந்ததன் கணக்கு இதுதான், ஒவ்வொரு முறை ஊறப்போடும்போதும் காம்பு நுழைகிற தலைத் துளைக்குள் இருக்கும் மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வந்திருக்கிறது.

ஆணியும் அதே மாதிரி ஒரு அவசர வைத்தியம். காம்பின் உச்சியில் பிளவு போட்டு இறக்கும் மர ஆப்பு என்றால் துளையின் நீளம் முழுக்க மரத்தை ஒரே சீராக இரண்டு பக்கமும் விரித்துப் பிடிக்கும். ஆணி ஒரு புள்ளியில் நாரைப் பிளந்துகொண்டு இறங்கும், உங்கள் விரிசல் பிறந்த இடம் அதுதான்.

சரி, காம்பு பிழைக்குமா? விரிசல் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்தது. அந்த இடத்தில் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உடனே துடைத்துப் பாருங்கள், விரிசலுக்குள் எண்ணெய் நின்று கோடு தெளிவாகத் தெரியும். நார் ஓடுகிற திசையிலேயே நேராக இறங்கி ஓரிடத்தில் முடிந்துவிட்டதா, பிழைக்கும். நாரை வெட்டிக்கொண்டு குறுக்கே, பக்கவாட்டில் வெளியே போகிறதா, அந்தக் காம்பை வீசவே வீசாதீர்கள். ஓங்கும்போது முறிந்தால் தலை யார் மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது.

நேராகத்தான் இருக்கிறது என்றால், விரிசல் முடிகிற இடத்துக்கு ஒரு விரல் அகலம் கீழே ரம்பம் வைத்து அறுத்துவிடுங்கள். எட்டு ஒன்பது சென்டிமீட்டர் போகும், போகட்டும். அடி வளைவும் திரட்சியும் தேய்ந்த நடுப்பகுதியும் அப்படியே உங்களிடம் இருக்கும். தலைக்குள் மாட்டியிருக்கும் துண்டில் ஆணிகளைக் குறடால் பிடுங்கிவிட்டு, நாலைந்து துளை போட்டுத் தளர்த்தி, கீழிருந்து மேலாகத் தட்டி வெளியே எடுங்கள். துளை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும், அதனால் அந்தப் பக்கம்தான் வரும்.

அரமும்கல்லும்:

மேலே சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், நான் இரும்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நெருப்பில் போடவே கூடாது. கோடாலியின் உயிரே வாயில் ஏற்றியிருக்கிற பதம்தான், அதாவது கொல்லர் காய்ச்சி ஏற்றிய கடினம். இரும்பு சூடேறும்போது வைக்கோல் நிறம் வந்தால் கிட்டத்தட்ட 220 டிகிரி செல்சியஸ், நீலம் வந்தால் 300ஐ நெருங்கிவிட்டது என்று அர்த்தம், அங்கே பதம் இறங்கிவிடும். விறகு நெருப்பு அதைவிட மிக அதிகச் சூடு. மெஷின் சாணையிலும் இதே ஆபத்துதான், வாய் மெல்லிசாக இருப்பதால் கண் இமைக்கிற நேரத்தில் நீலம் ஓடிவிடும். என் கையில் ஒரு கைக்கோடாலி அப்படிக் கெட்டது. பார்க்கப் பளபளவென்று இருந்தது, முதல் முடிச்சில் அடித்ததும் வாய் தகரம் மாதிரி மடிந்துவிட்டது.

துருவுக்கு வினிகர் போதும். தலையை மட்டும் ஒரு இரவு ஊறவிட்டு, காலையில் கம்பி பிரஷால் தேயுங்கள், கறுப்புச் சேறாக வந்துவிடும். நாள்கணக்கில் விட்டுவிடாதீர்கள், துரு போனபிறகு அமிலம் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். சமையல் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, துடைத்து, கையோடு எண்ணெய் தடவிவிடுங்கள், பத்து நிமிடம் விட்டால்கூட ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூக்கும். தலையின் பக்கவாட்டுக் கன்னத்தில் குழி குழியாக இருந்தால் இருக்கட்டும், அதைச் சமப்படுத்துகிறேன் என்று கிரைண்டர் வைக்காதீர்கள். துருவுக்கு அடியில் கொல்லர் அடித்த முத்திரை இருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகும்.

வாய்க்கு அரம். தலையை இறுக்கிப் பிடிக்கவைத்து, மார்க்கர் பேனாவால் வாய் ஓரத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு, அரத்தை வாயை நோக்கித் தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். எங்கே கறுப்பு போயிருக்கிறதோ அங்கேதான் அரம் படுகிறது. கை வாயை நோக்கிப் போகிற வேலை என்பதால் தடித்த கையுறை கட்டாயம். விறகு பிளக்கத்தானே, இரண்டு பக்கமும் சேர்ந்து 30 டிகிரிக்குக் குறையாமல், லேசாக வெளியே உப்பி வயிறு வைத்த மாதிரி இருந்தால் போதும். அப்புறம் சொரசொரப்பான கல், அதன்பின் நைசான கல், சிறு சிறு வட்டமாக. பொக்கை முழுசாக மறையும்வரை அராவ வேண்டாம், மூன்று மில்லிமீட்டர் இரும்பு பெரிய விஷயம். பாதியைக் குறைத்துவிட்டு வேலை செய்யுங்கள், மீதி அடுத்தடுத்து தீட்டும்போது தானாகப் போய்விடும்.

பின்தலை கொண்டை போட்டு விரிந்திருந்தால் அந்த ஓரத்தையும் அராவி எடுங்கள். அடி விழும்போது அதிலிருந்து தெறிக்கிற சில்லு நேரே கண்ணுக்குத்தான் வரும்.

வைரமரம்:

எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து. அறுத்தபிறகு வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைத்து ஆண்டு வளையங்கள் எப்படி ஓடுகின்றன என்று பாருங்கள், கோடாலி வாய் இருக்கிற திசையிலேயே ஓடினால் நல்லது. அதைவிட முக்கியம் நார் காம்பின் நீளம் முழுக்க வழுவாமல் ஓடுவது. நடுவிலேயே நார் பக்கவாட்டில் வெளியேறினால் தாத்தா செதுக்கியதாக இருந்தாலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். அப்படியானால் முதல் வேலையாக அதைக் காகிதத்தில் வைத்துப் பக்கத்தோற்றம், முன்தோற்றம் இரண்டையும் வரைந்துகொள்ளுங்கள், நன்றாகக் காய்ந்த கருவேலத்திலோ புளியிலோ அதே வடிவத்தைச் செதுக்கிக்கொள்ளலாம். பச்சை மரத்தில் செய்தால் காய்ந்து சுருங்கி மறுபடி அதே ஆட்டம்.

பரணில்தேடியவன்:

அறுத்துவிட்டேன்! விரிசல் நேராகத்தான் இறங்கியிருந்தது, நாரும் கடைசிவரை ஒழுங்காக ஓடுகிறது. துளைக்குள் இருந்த துண்டைப் பார்த்தபோதுதான் கொட்டாப்புளி அண்ணா சொன்னது விளங்கியது. இரும்பை ஒட்டியிருந்த ஓரமெல்லாம் கறுத்து, நசுங்கி, நகத்தால் சுரண்டினால் தூளாக வருகிறது. நடுவில் மட்டும்தான் மரம் மரமாக இருக்கிறது. தலை இப்போது வினிகரில். காம்பு 82 சென்டிமீட்டர் இருந்தது, இப்போது 73. மேல்முனையைத் துளைக்கு எப்படிப் பொருத்துவது?

கொட்டாப்புளி:

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இதுதான். துளையின் உட்சுவரில் பென்சில் கரியைத் தடவிவிட்டு, காம்பின் முனையை உள்ளே விட்டு இரண்டு தட்டு, வெளியே எடுங்கள். கறுப்பு ஒட்டிய இடம் மட்டும்தான் முட்டுகிறது, அதை மட்டும் சுரண்டுங்கள். இருபது முப்பது தடவை இப்படிப் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். தலையை ஏற்றும்போது காம்பைத் தலைகீழாக, தலை கீழே தொங்குகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் அடிமுனையில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) அடியுங்கள். தலை தரையில் படக்கூடாது, அந்தரத்திலேயே தன் எடையால் காம்பில் ஏறிக்கொண்டே போகும், பார்க்கவே அழகாக இருக்கும்.

ஆப்பு இறங்கக் காம்பின் உச்சியில் போடும் வெட்டு, துளை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆப்பு நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும், ஆணி வேண்டவே வேண்டாம். தலைக்கு மேலே ஐந்து மில்லிமீட்டர் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு அறுங்கள், அது விரிந்து நின்று தலை நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

கத்திப் பட்டைகள் மேல் உப்புத்தாள் வைத்துவிடாதீர்கள். பிடி வழுக்காமல் இருப்பதே அவற்றால்தான். வார்னிஷும் வேண்டாம், உள்ளங்கையில் கொப்புளம் வரும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் காயவிட்டு மறுபடி தடவுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் கிளம்பித் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் எறியுங்கள்.

இன்னொன்று, காம்பு ஒன்பது சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. அடி தவறினால் முன்பு தரையில் போய் நின்ற வாய் இப்போது உங்கள் முழங்காலுக்குக் கீழே வரும். பிளக்கிற கட்டைக்கு அடியில் முன்பைவிட உயரமான அடிக்கட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், முதல் சில நாள் பாதி வீச்சிலேயே அடித்துக் கையைப் பழக்குங்கள்.