மிஞ்சின சொதியை மறுநாள் மதியத்துக்கு என்ன செய்யலாம்?

அக்காமாரே, பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கேன். மதியம் ரெண்டு மீட்டிங்குக்கு நடுவில் அரை மணி நேரம்தான், புதுசா உலை வைக்க முடியாது. முந்தின நாள் புளிக்குழம்பு, அவியல்னா கவலையே இல்லை. ஒண்ணாப் போட்டு, சட்டியில் ஒட்டுற பதத்துக்குச் சுண்டவச்சா சோத்துக்கு அதை அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது.

சொதிதான் பாடாப் படுத்துது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தா தேங்காய்ப்பால் மேலே கட்டியா நிக்குது. கொதி வந்ததும் திரிஞ்சு போகுது, முருங்கைக்காயும் குழைஞ்சிருது. சிறுதீயில் கிண்டிக்கிட்டே சூடாக்கணுமா? முதல் பாலைத் தனியா எடுத்துவச்சு மறுநாள் ஊத்தலாமா? இல்லை, காயை மட்டும் வடிச்சு தோசைக்கு ஏதாவது செய்றீங்களா? அம்மாவும் என்கூடத்தான் சாப்பிடுவாங்க, காரம் கம்மியாச் சொல்லுங்க.