தாது வருஷத்து மதகுக்கல், பசலி 1271 பத்திரம்: ஏரியின் வயதை எந்த ஆவணத்தில் தேடுவது?

ஏரிக்கரை_குடியாத்தம்

வணக்கம். குடியாத்தம் தாலுகாவில், பாலாற்றுக்கு வடக்கே உள்ள ஓர் ஏரிப்பாசன ஊரின் வரலாற்றைத் தொகுக்கிறோம். கையில் இருப்பது மூன்றே மூன்று.

ஒன்று, பெரிய மதகின் பக்கக் கல். அதில் "தாது ௵ மாசி ௴" (தாது வருஷம் மாசி மாதம்) மட்டும் படிக்க முடிகிறது. கீழே நாலைந்து வரிகள் சுண்ணாம்புக்குள் போய்விட்டன. இரண்டு, ஒரு வீட்டில் கிடைத்த இனாம் (மானிய நிலம்) பத்திர நகல். பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) 1271, "தசபந்தம்" என்ற சொல், ஒரு டி.டி. எண் (இனாம் உரிமைப் பத்திர எண்), சில பைமாஷ் எண்கள் (பழைய நில அளவை எண்கள்) உண்டு. சர்வே எண் இல்லை. மூன்று, "தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு மண் சுமந்து வெட்டிய ஏரி" என்று பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எதைக் கேட்க வேண்டும்? வேலூரிலேயே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

பழைய_ரிக்கார்டு

போவதற்கு முன்னால் கையில் இருப்பதையே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. 1271 என்றால் 1861 ஜூலை முதல் 1862 ஜூன் வரை. (1855க்கு முந்திய தாள்களில் பசலி ஜூலை நடுவில் தொடங்கும், அந்தச் சில நாள் வித்தியாசத்தில் ஜூலை மாதத்துக் கடிதங்கள் ஒரு வருடம் தள்ளிப் போய்விடும்.) தாது வருஷப் பஞ்சமோ 1876-78. பத்திரத்தில் வரும் தசபந்தம் இதே ஏரிக்கு உரியது என்றால், பஞ்சத்துக்குப் பதினைந்து வருடம் முன்பே ஏரி இருந்திருக்கிறது. பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. கரை உயர்த்தியதையோ தூர் வாரியதையோ மதகு மாற்றிக் கட்டியதையோ "வெட்டியது" என்று நினைவு வைத்திருக்கலாம். நிறைய ஊர்களில் இப்படித்தான்.

தசபந்தம் என்பது லேசான சொல் இல்லை. சொந்தச் செலவில் ஏரி, கால்வாய் வெட்டியவருக்கோ பழுது பார்த்தவருக்கோ, அதைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடப்பட்ட மானியம் அது. பராமரிப்பு நின்றால் மானியமும் நிற்கும். ஆகவே அந்த ஏரிக்குப் பின்னால் சர்க்கார் அல்லாத ஒரு தனி ஆளோ குடும்பமோ இருக்கிறது. உங்கள் கேள்வியே இப்போது மாறுகிறது: ஏரி எப்போது வெட்டப்பட்டது என்பதோடு, யார் யாருக்கு எந்தக் கடமையின் பேரில் நிலம் விட்டார்கள் என்பதும் சேர்கிறது.

இதற்கு முதல் ஆவணம் இனாம் பதிவேடு, அதாவது இனாம் ஃபேர் ரெஜிஸ்டர். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து எழுதியது. தாலுகா, கிராமம், டி.டி. எண் மூன்றும் சொன்னால் தேடுவது சுலபம். எந்த வகை இனாம், விஸ்தீரணம், தீர்வை, யார் விட்டது, எந்த ஆண்டு, எழுத்துமூலச் சான்று உண்டா, முதலில் பெற்றவர், அப்போது அனுபவிப்பவர், அவருக்கு என்ன உறவு, கடைசியில் டெபுடி கலெக்டர் கருத்து, கமிஷன் முடிவு என்று பத்தி பத்தியாக இருக்கும்.

இங்கே ஒரு பள்ளம் உண்டு, விழுந்துவிடாதீர்கள். ஐம்பது ஆண்டு இடையறாத அனுபோகம் இருந்தாலே கமிஷன் இனாமை ஏற்றுக்கொண்டது. அதனால் "நவாபு காலத்தில் விட்டது" என்ற வரி பல இடங்களில் இனாம்தாரர் வாய்மொழியாகச் சொன்னது மட்டுமே. எழுத்துச் சான்று பத்தி காலியாக இருந்தால் அந்த ஆண்டை வரலாறாக எடுக்கக் கூடாது. கருத்துப் பத்தியில் பழைய கணக்கோடு ஒப்பிட்டதாகக் குறிப்பு இருந்தால்தான் கொஞ்சம் பலம்.

பைமாஷ் எண்ணை இன்றைய சர்வே எண்ணோடு நேரடியாகப் பொருத்தப் பார்க்க வேண்டாம். நடுவில் பாலமாக இருப்பது செட்டில்மென்ட் ரெஜிஸ்டர். அதில் பழைய பைமாஷும் புதிய சர்வே எண்ணும் ஒரே வரியில் வரும். பிறகு 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் உட்பிரிவுகள் இன்னொரு முறை மாறின.

சித்தூர்_கச்சேரி

மேலே சொன்னதோடு எல்லைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வட ஆற்காட்டில் ஆராய்ச்சி பாதியில் நிற்பது பெரும்பாலும் இதில்தான். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூர். எனவே குடியாத்தம் பற்றிய கலெக்டர் கடிதத்தில் தலைப்பில் "சித்தூர்" என்றுதான் இருக்கும். ஆந்திர விவகாரம் என்று தாண்டிவிடக் கூடாது. அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டம் ஆனதும் வேலூர் தலைநகர் ஆனது. அதே நேரத்தில்தான் திருப்பத்தூர் தாலுகா சேலத்திலிருந்தும், திருவண்ணாமலை தென் ஆற்காட்டிலிருந்தும் இங்கே வந்தன. வாணியம்பாடிக்காரர் ஒருவர் 1903 பாலாற்று வெள்ளத்தை வட ஆற்காடு தொகுதிகளில் தேடினால் கிடைக்காது, சேலத்தில் தேட வேண்டும். திருத்தணி 1911 முதல் 1960 வரை சித்தூர் மாவட்டம். 1989இல் மறுபடி பிரிவு, 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி. குடியாத்தம் மட்டும் இவ்வளவிலும் வட ஆற்காட்டிலேயே இருந்ததால் உங்களுக்கு அலைச்சல் குறைவு.

எழும்பூரில் கேட்க வேண்டியது: வட ஆற்காடு மாவட்ட ஆவணங்கள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், அரசு வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை அரசாணைகள். கம்பெனி காலத்தில் கலெக்டர் எழுதிய ஒரு கடிதம் ஒரே இடத்தில் இராது. கச்சேரியில் (கலெக்டர் அலுவலகத்தில்) வைத்துக்கொண்ட நகல் மாவட்டத் தொகுதியில் இருக்கும். போய்ச் சேர்ந்தது வருவாய் வாரியத் தொகுதியில் இருக்கும். வாரியம் மேலே அனுப்பியிருந்தால் அரசின் வருவாய் கன்சல்டேஷனில் இருக்கும். பிறகு ஒரு நகல் லண்டனுக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கும். "தாள் நொறுங்குகிறது, தர முடியாது" என்று சீட்டு திரும்பி வந்தால் மனம் தளர வேண்டாம், அடுத்த நகலுக்குச் சீட்டு எழுதுங்கள்.

நேராகத் தொகுதியைக் கேட்காதீர்கள். அந்தந்த ஆண்டின் இன்டெக்ஸைக் கேளுங்கள். ஊர்ப்பெயர் மட்டும் தேடினால் பாதி தப்பும். ஆங்கில எழுத்துக்கூட்டல் காலத்துக்குக் காலம் மாறும்; குடியாத்தம் "கூடியாட்டம்" என்று ஒலிக்கும்படி இரண்டு ஓ போட்டும் வரும், வேலூர் ஒற்றை எல் போட்டும் வரும். ஏரி, பாசனம், இனாம், பழுதுபார்ப்பு என்ற ஆங்கிலத் தலைப்புகளோடு "மராமத்து" என்ற சொல்லையும் எம் வரிசையில் பாருங்கள். அரசாணையைக் கேட்கும்போது எண், துறை, தேதி மூன்றும் வேண்டும். எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால் வெறும் எண்ணை வைத்து யாராலும் எடுத்துத் தர முடியாது.

1860களுக்கு முந்தியவை பெரும்பாலும் கையெழுத்துத் தொகுதிகள். ஒரு நாளில் இரண்டு தொகுதி முடித்தாலே அதிகம். பென்சில், நிறுவனக் கடிதம், அடையாள அட்டை நகல் கொண்டு போங்கள். படம் எடுக்கும் விதியையும் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 1818க்கு முந்திய தொகை வராகனில் இருக்கும்: நட்சத்திர வராகன் ஒன்று 42 பணம், பணம் ஒன்று 80 காசு, ரூபாயில் மூன்றரை. ஒரு காணி 1.32 ஏக்கர்.

படியெடுப்பான்

கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தாது என்பது அறுபது ஆண்டுச் சுழற்சி. 1816-17, 1876-77, 1936-37 மூன்றுமே தாது. மாசி என்றால் 1817, 1877, 1937இன் பிப்ரவரி-மார்ச். பஞ்சம் பேர்போனது என்பதற்காக 1877 என்று முடிவு கட்டக் கூடாது. சகாப்தம், கலியுகம், பசலி ஏதாவது ஒரு எண் சுண்ணாம்புக்கடியில் இருந்தால்தான் தீரும். சகத்தோடு 78 கூட்டுங்கள். கலியில் 3101 கழியுங்கள். எண்ணும் வருடப் பெயரும் பொருந்துகின்றனவா என்று எப்போதும் சரிபாருங்கள். விரிஞ்சிபுரம் கோயிலில், படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள் கல்யாணத்துக்குப் பொன் வாங்குவதில்லை, கன்னிகாதானமாகவே செய்வது என்று உடன்பட்ட கல்வெட்டு சகம் 1347. கூட்டினால் 1425, வருடம் விசுவாவசு. 2025-26உம் விசுவாவசுதான், சரியாகப் பத்துச் சுற்று. இப்படிப் பொருந்தினால் நம்பலாம்.

சுண்ணாம்பைச் சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் எழுத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். தண்ணீர் விட்டு ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தூசியும் பாசியும் போகும் அளவுக்கு மட்டும் துடைத்து, இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லுக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். ஒளியை இடம், வலம், மேல், கீழ் என நான்கு திசையில் மாற்றி நான்கு படம். சாக்பீஸால் எழுத்தின் மேல் வரைவது வேண்டாம். நீங்கள் நினைத்த எழுத்துதான் படத்தில் தெரியும், கல்லில் இருப்பது தெரியாது. மைப்படி (கல்லின் மேல் தாள் ஒட்டி மையால் எடுக்கும் படி) எடுக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போவதே நல்லது.

எழுத்து வடிவத்தை வைத்துக் காலம் சொல்வது இங்கே துணைச்சான்று மட்டும். மெய்க்குப் புள்ளியே இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை என்றால் 1817 பக்கம் சற்றே சாயலாம். பழைய ணை, றா வடிவங்களைப் பார்த்து "ரொம்பப் பழசு" என்று சொல்ல வேண்டாம், அவை 1978 வரை அச்சிலேயே இருந்தன.

ஏரிக்கரை_குடியாத்தம்

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். தாலுகா அலுவலகத்தில் ஏரி சம்பந்தமான ஒரு பழைய கோப்பின் எண்ணுக்கு முன்னால் "ப.மு." என்று இருந்தது, கோப்பு இல்லை என்கிறார்கள். ஏரி இப்போது நீர்வளத் துறையிடம் இருக்கிறது, அங்கே என்ன கேட்பது?

பழைய_ரிக்கார்டு

ப.மு. என்றால் பத்தாண்டு முடிவு. பத்து ஆண்டு வைத்திருந்து அழிக்க வேண்டிய வகை. ஓ.மு. ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு. நி.மு. மட்டுமே நிரந்தரம். ஆக அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கோப்பு மேல் அலுவலக உத்தரவோடு முடிந்திருந்தால், அங்கே அது நி.மு. ஆக இருக்க வாய்ப்புண்டு. கோப்புகளின் போக்கைக் குறிக்கும் தன்பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எங்கே கடிதம் போனது என்று எழுதியிருக்கும். பதிவேடு கிடைக்குமா என்று கேளுங்கள்.

நீர்வளத் துறையில் கேட்க வேண்டியது டி.ஆர்.எஸ். மெமாயர். 1883இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ஏரி சீரமைப்புத் திட்டத்துக்காக, ஏரி ஏரியாக அளந்து எழுதிய குறிப்பு. கரை நீளம், மதகுகளின் அடிமட்டம், கலிங்கலின் (உபரி நீர் வழியும் இடம்) நீளம், ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்), கொள்ளளவு எல்லாம் இருக்கும். சில மெமாயர்களில் முந்திய பழுதுகளும் வரும். பெரிய ஏரிகள், அதாவது நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை, துறையிடம். சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம் போனதால் அவற்றின் தாள்கள் சிதறின. உங்களுடையது துறையிடமே இருப்பது நல்ல சகுனம். மெமாயரில் உள்ள மதகின் அளவை உங்கள் கல் மதகோடு டேப் வைத்து ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் மதகு பிறகு மாற்றப்பட்டிருக்கிறது, கல் இடம் மாறியும் இருக்கலாம்.

எதிர்க்கேள்வி

நல்ல வழிகாட்டல்தான். ஆனால் காகிதம் கிடைத்ததும் அதையே நம்பிவிடும் அபாயத்தை யாரும் சொல்லவில்லை.

பஞ்ச காலத்துக் கோப்புகளைப் பாருங்கள். 1877 ஜனவரியில், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் சென்னை வந்த பிறகு, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அரை அணாவும் என்று கூலி குறைக்கப்பட்டது. உங்கள் கல்லின் மாசி 1877 என்றால் அந்த வாரங்களில்தான் விழுகிறது. அன்றைய அறிக்கைகள் செலவைக் கட்டுக்குள் வைத்ததாகக் காட்ட எழுதப்பட்டவை. எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்ற எண் கூலிக் கணக்கிலிருந்து வருவது. வர முடியாமல் வீட்டிலேயே கிடந்தவர் அதில் இல்லை. 1871க்கும் 1881க்கும் இடையே வட ஆற்காட்டின் மக்கள்தொகை குறைந்திருப்பதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். "கஞ்சிக்கு மண் சுமந்தோம்" என்ற ஊர்ப் பேச்சை அந்த இடத்தில் காகிதத்துக்குக் கீழே வைக்க மாட்டேன். ஆண்டுக்கு அது உதவாது, அனுபவத்துக்கு உதவும்.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 நடந்த கிளர்ச்சிக்கும் இதே கதை. ஆளுநர் பென்டிங்க், தலைமைத் தளபதி கிரடாக் இருவரும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அதன் பிறகு அவர்கள் எழுதியது முழுக்கத் தற்காப்பு. சிப்பாய்களின் வாக்குமூலமோ விசாரணைக் கேள்விக்குப் பதிலாக, மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாக, ஆங்கிலத்தில் நிற்கிறது. கேள்வி புதிய தலைப்பாகையைப் பற்றி இருந்தால் பதிலும் தலைப்பாகையாகவே இருக்கும். யார், யாருக்கு, எந்தத் தேதியில், திருப்பி அழைக்கப்படும் முன்பா பின்பா என்று தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

படியெடுப்பான்

எதிர்க்கேள்வி சொன்னதற்கு ஒரு சேர்க்கை. டெபுடி கலெக்டர் கருத்தில் ஏரி "பழுதடைந்தது" என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். பராமரிப்பு இல்லை என்று எழுதினால் தசபந்தத்தைச் சர்க்கார் திரும்ப எடுக்கலாம். அப்படி எழுத ஒரு காரணம் இருந்தது. அதே பசலியின் ஜமாபந்தி (ஆண்டு வருவாய்த் தணிக்கை) கணக்கில் அந்த ஏரிக்குக் கீழே நஞ்சை சாகுபடி எவ்வளவு என்று பாருங்கள். நஞ்சை முழுதாக விளைந்திருந்தால் ஏரி அவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

ஏரிக்கரை_குடியாத்தம்

சரி. முதலில் டார்ச் வைத்துக் கல், பிறகு வேலூரில் மெமாயர், அதற்குப் பிறகே டி.டி. எண்ணோடு எழும்பூர். கல்லில் சகம் தெரிந்தால் நான்கு படங்களையும் இங்கேயே போடுகிறேன், வாசித்துச் சொல்லுங்கள் ஐயா.